படம் மணல் மணலாக இருந்தால் மோசமா? எக்ஸ்ரே ஸ்க்ரீனும் டோஸும்

கேள்வி · 2023 ஜூலை 8, இரவு 9:52

என் மகளுக்கு 12 வயது. முதுகெலும்பு வளைவு, ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை முழு முதுகுக்கும் எக்ஸ்ரே எடுக்கிறோம். ஜனவரியில் எங்கள் ஊரில் எடுத்த படம் மணல் தூவியது போல இருந்தது. ஜூனில் வேறு ஊரில் எடுத்தோம், கண்ணாடி போல அவ்வளவு தெளிவு. இனி அங்கேயே போகலாம் என்று நான் சொல்கிறேன். "தெளிவாக வந்தால் கதிர் அதிகம் விட்டிருப்பார்கள்" என்று என் மனைவி தடுக்கிறாள். யார் சொல்வது சரி?

ஜூலை 8, இரவு 11:20

உங்கள் மனைவி சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது தம்பி. முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

எக்ஸ்ரே அறையில் 33 வருடம் வேலை பார்த்தவன் நான். இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, குழந்தையைக் கதிர் வரும் மிஷினுக்கு முகம் காட்டி நிற்க வைத்தார்களா, முதுகு காட்டி நிற்க வைத்தார்களா? இரண்டு, படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதாவது எண் இருக்கிறதா? S என்ற ஆங்கில எழுத்தோடு இருக்கலாம். அதைத் தமிழில் 'எஸ்' என்று எழுதுகிறேன். இரண்டு படத்திலும் பாருங்கள்.

ஜூலை 9, காலை 6:15

தூக்கம் வரவில்லை, அதனால் அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

எக்ஸ்ரே நேராக ஃபிலிமில் படம் வரைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஃபிலிம் எக்ஸ்ரேயைப் பிடிப்பதில் மகா மந்தம். வந்ததில் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். அதனால் கேசட் என்ற வெளிச்சம் புகாத தட்டைப் பெட்டிக்குள் ஃபிலிமுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஸ்க்ரீன் வைப்போம். வெள்ளை அட்டை மாதிரி இருக்கும். எக்ஸ்ரே பட்டதும் அது ஒளிரும், அந்த வெளிச்சம்தான் ஃபிலிமைக் கறுப்பாக்கும். படத்தின் கறுப்பில் 95 சதவீதத்துக்கு மேல் ஸ்க்ரீனின் வெளிச்சம், மிச்சம்தான் எக்ஸ்ரே.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததே, பேரியம் உப்பு பூசிய ஒரு திரை இருட்டில் ஒளிர்ந்ததைப் பார்த்துத்தான். அடுத்த வருடமே நியூயார்க்கில் மைக்கேல் பூபின், கையில் துப்பாக்கி ரவைகள் பாய்ந்த ஒருவருக்குப் படம் எடுக்க எடிசன் அனுப்பிய திரையைப் படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டோடு சேர்த்து வைத்தார். ஒரு மணி நேரம் போல ஆக வேண்டிய படம் சில வினாடிகளில் முடிந்தது. 1896-இல் எடிசன் பரிந்துரைத்த கால்சியம் டங்ஸ்டேட்தான் அதன்பின் 70 வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் எங்கள் கேசட்டில் அதுதான்.

எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி இந்தத் திரைகளைத் தன் கையை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தார். கைகள் புண்ணாகி, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டிவந்து, 1904-இல் இறந்தார். எடிசன் எக்ஸ்ரே வேலையையே விட்டுவிட்டார். டோஸ், அதாவது உடம்பு வாங்கும் கதிரின் அளவு. அந்தச் சொல்லை யாராவது லேசாக உச்சரித்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

ஸ்க்ரீனின் இக்கட்டு இதுதான். பூச்சைத் தடிமனாகப் போட்டால் எக்ஸ்ரேயை நிறையப் பிடிக்கும், நோயாளிக்குக் குறைவாக விட்டால் போதும். ஆனால் வெளிச்சம் பிறந்த இடத்திலிருந்து ஃபிலிம் வரை போவதற்குள் பரவிவிடும். சுவரில் டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தால் வட்டம் பெரிதாவதைப் போல. எலும்பின் ஓரம் மங்கும். பூச்சை மெல்லியதாக்கினால் ஓரம் கத்தி மாதிரி வரும், டோஸ் ஏறிவிடும்.

ஜூலை 9, மதியம் 1:40

"அப்படியானால் மணல் மணலாகத் தெரிவது ஸ்க்ரீன் பூச்சின் குருணையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. காலையில் எழுதியது அப்படி ஒரு எண்ணத்தைக் கொடுத்திருக்கும். மங்கல் வேறு, மணல் வேறு. மங்கல் ஸ்க்ரீனால் வருவது. மணல், எக்ஸ்ரே போதாததால் வருவது.

காய்ந்த சிமெண்ட் தரையில் தூறல் விழ ஆரம்பிப்பதைப் பாருங்கள். இங்கே நாலு துளி, அங்கே ஒன்று, நடுவில் ஒரு சாண் இடம் காய்ந்தே கிடக்கும். மழை வலுத்துவிட்டால் தரை முழுக்க ஒரே ஈரம். எக்ஸ்ரேயும் துளித்துளியாகத்தான் வருகிறது. 100 துளி விழ வேண்டிய கட்டத்தில் 90-உம் விழும், 110-உம் விழும். இது 10 சதவீத ஏற்ற இறக்கம். 400 விழ வேண்டிய இடத்தில் 20 கூடும் குறையும், அதாவது 5 சதவீதம். மணலைப் பாதியாக்க டோஸை நாலு மடங்காக்க வேண்டும். வருங்கால டெக்னீசியன்கள் யாராவது இதைப் படித்தால் இந்த வரியை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான எண்ணே சொல்கிறேன். மைக்ரோகிரே என்பது கதிரை அளக்கும் அலகு. நோயாளியைத் தாண்டி வரும் ஒரு மைக்ரோகிரே எக்ஸ்ரேயில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 30,000 போட்டான், அதாவது எக்ஸ்ரேத் துளி, இருக்கும். வேக எண் கூடக்கூடக் குறைந்த எக்ஸ்ரேயிலேயே ஃபிலிம் கறுக்கும். 400 வேக ஸ்க்ரீன்–ஃபிலிமுக்குத் தேவை 2.5 மைக்ரோகிரே. அப்படியென்றால் 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்தில் விழுவது வெறும் 750. அதிலும் ஸ்க்ரீன் பிடித்தது மட்டும்தான் கணக்கு. பிடிக்காமல் தப்பிப் போனது நோயாளியின் உடம்பைக் கடந்தும் யாருக்கும் பயனில்லாமல் போனது.

ஜூலை 9, இரவு 10:05

அந்தக் கடைசி வரி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதில்தான் நல்ல ஸ்க்ரீனும் வெறும் வேகமான ஸ்க்ரீனும் பிரிகின்றன.

1970-களில் அரிய மண் உலோகங்களில் ஸ்க்ரீன் வந்தது, கடோலினியம், லாந்தனம் வகைகள். கால்சியம் டங்ஸ்டேட் தான் பிடித்த எக்ஸ்ரே ஆற்றலில் சுமார் 5 சதவீதத்தை வெளிச்சமாக்கும். இவை 15 முதல் 20 வரை ஆக்கும். அதோடு, அதே தடிமனில் எக்ஸ்ரேயையும் கூடுதலாகப் பிடிக்கும். காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு ஆற்றல் படி உண்டு, அதைத் தாண்டிய எக்ஸ்ரேயை அது சட்டென்று அதிகமாக விழுங்கும். டங்ஸ்டனுக்கு அந்தப் படி 69.5 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், கடோலினியத்துக்கு 50.2. நாம் வழக்கமாக எடுக்கும் படங்களில் நிறைய எக்ஸ்ரே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. டங்ஸ்டன் கோட்டைவிட்டதைக் கடோலினியம் பிடிக்கிறது.

கூடுதலாகப் பிடித்ததால் வேகம் கூடினால், அது சுத்த லாபம். டோஸ் குறையும், மணல் கூடாது. பிடித்த ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் அதிகம் கொடுப்பதால் வேகம் கூடினால், குறைவான துளிகளிலேயே ஃபிலிம் கறுத்துவிடும், படத்தில் மணல் ஏறும். அதிக வேகமான ஃபிலிம் போட்டாலும் இதே கதைதான். விற்க வருகிறவர் "800 வேகம்" என்று சொல்லும்போது, அந்த 800 எதில் வந்தது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

ஜூலை 10, இரவு 9:30

1996-இல் நடந்ததை எழுதுகிறேன். இடம் வேண்டாம், ஒரு தனியார் ஆஸ்பத்திரி.

புது ஸ்க்ரீன் வந்தது, பச்சை வெளிச்சம் தருவது. டோஸ் பாதியாகக் குறையும் என்று சொன்னார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஸ்டோரில் பழைய ஃபிலிம் பெட்டிகள் அடுக்கியிருந்தன. "அது தீரட்டும்" என்றார்கள். அந்த ஃபிலிம் நீல வெளிச்சத்துக்கு மட்டும் மசிவது, பச்சை அதற்குக் கண்ணில் படாது. படம் வெளிறி வந்தது. வெளிறினால் டெக்னீசியன் என்ன செய்வான்? எம்ஏஎஸ், அதாவது விடும் எக்ஸ்ரேயின் அளவை, ஏற்றுவான். நானும் ஏற்றினேன். மூன்று வாரம் போல, புது ஸ்க்ரீனை வைத்துக்கொண்டு பழைய டோஸையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பச்சை ஃபிலிம் வந்தது. இப்போது எல்லாப் படமும் சாம்பல் பூத்தது போல. ஃபிலிம் கழுவும் ரசாயனங்களான டெவலப்பரை மாற்றினேன், ஃபிக்ஸரை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் ஒரு பழைய மூத்த டெக்னீசியன் சொன்னபடி செய்தேன். டார்க் ரூமில் மேஜை மேல் ஒரு ஃபிலிமை விரித்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, சேஃப் லைட்டை, அதாவது ஃபிலிமைக் கெடுக்காது என்று நம்பி வைத்திருக்கும் டார்க் ரூம் விளக்கை, போட்டுவிட்டு ஐந்து நிமிடம் நின்றேன். டெவலப் செய்தால் சாம்பல் நிறத் தாளில் நாணயம் வெள்ளை வட்டமாக அச்சடித்தது போல இருந்தது. எங்கள் சேஃப் லைட் மஞ்சள். நீல ஃபிலிமுக்கு அது பாதுகாப்பு, பச்சை ஃபிலிமுக்கு அது வெயில். சிவப்பு ஃபில்டர் மாற்றிய அன்றைக்குத்தான் அந்த ஸ்க்ரீன் தன் வேலையைச் செய்தது. இடுப்பெலும்பு பக்கவாட்டுப் படத்துக்கு 120 எம்ஏஎஸ் போட்ட இடத்தில் 50 போதும் என்று ஆனது.

ஸ்க்ரீனின் வேகம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஸ்க்ரீன், ஃபிலிம், டெவலப்பர், விளக்கு எல்லாம் சேர்ந்துதான் வேகம். அந்த மூன்று வாரத்தில் வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜூலை 11, காலை 7:00

டெவலப்பர் என்று சொன்னதும் இன்னொன்று. கையால் கழுவும் காலத்தில் 20 டிகிரி, 5 நிமிடம் என்பது கணக்கு. நம்ம ஊர் வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது? பாலிதீன் பையில் ஐஸ் கட்டி போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். செய்யாத இடங்களில், ஃபிலிமை ஒரு நிமிடத்தில் தூக்கி விளக்கில் பார்த்து "போதும்" என்று ஃபிக்ஸரில் போட்டுவிடுவார்கள். ஒரு நிமிடத்தில் கறுக்க வேண்டுமென்றால் எக்ஸ்ரே அதிகம் போட்டிருக்க வேண்டும் அல்லவா? பார்த்து எடுக்கும் பழக்கம் எத்தனையோ பேருக்குத் தேவையில்லாத டோஸைக் கொடுத்திருக்கிறது. அவசரம் டார்க் ரூமில், விலை மேஜையில் படுத்திருப்பவருக்கு.

ஜூலை 12, மாலை 5:10

அரிய மண் என்றால் என்ன என்று கேட்ட தங்கைக்கு: எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு வந்தால் மணலில் கறுப்பும் சிவப்பும் வரிவரியாக ஓடுவதைப் பார்க்கலாம். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் அதற்குள் உண்டு, கடோலினியமும் கொஞ்சம். தோரியமும் இருப்பதால் அந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சே மற்ற இடங்களைவிட அதிகம். அங்கே மத்திய அரசின் மணல் ஆலையும் இருக்கிறது. என் கேசட்டில் இருந்தது அந்த மணல் என்று சொல்லவில்லை. சிறுவயதில் நான் காலால் அளைந்து விளையாடிய பொருளின் உறவுக்காரன் என் ஸ்க்ரீனில் ஒளிர்கிறான் என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட உணர்வைச் சொல்ல வந்தேன்.

ஜூலை 12, இரவு 10:45

"எல்லாருக்கும் வேகமான ஸ்க்ரீனே போட்டால் என்ன?" நியாயமான கேள்வி.

விரலில் மயிரிழை முறிவு தேடும்போது 100 வேக ஸ்க்ரீன்தான் வேண்டும். விரலுக்குப் போகும் டோஸ் மிகக் குறைவு, அங்கே கூர்மைக்காகக் கொஞ்சம் செலவழிக்கலாம். இடுப்பும் வயிறும் அப்படி இல்லை. தடிமனான உடம்பு, உள்ளே முக்கிய உறுப்புகள். அங்கே 400. குழந்தைகளுக்கு 400 முதல் 800 வரை என்று 1996-இல் ஐரோப்பிய வழிகாட்டி சொன்னது. மார்பக மேமோகிராமில் இதற்கு நேர் எதிர்: ஒரே ஸ்க்ரீன், ஒரு பக்கம் மட்டும் பூச்சுள்ள ஃபிலிம், ஸ்க்ரீன் பின்பக்கம். சுண்ணாம்புப் பொடி மாதிரித் துகள்களைத் தேட வேண்டும், அதனால் மங்கலுக்கு இடமே கொடுக்க முடியாது.

அதே 1996-இல் பன்னாட்டு அணுசக்தி முகமை ஒரு பட்டியல் வெளியிட்டது. இடுப்பு முதுகெலும்பு முன்பக்கப் படத்துக்குத் தோலில் 10 மில்லிகிரே, பக்கவாட்டுக்கு 30, நெஞ்சுக்கு 0.4 என்று. கீழே ஒரு குறிப்பு: இவை 200 வேகத்துக்கு, 400 முதல் 600 வரை வேகம் உள்ளவர்கள் இவற்றை இரண்டு, மூன்றால் வகுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலை ஒட்டிவைத்த இடங்கள் பார்த்திருக்கிறேன். குறிப்பைப் படித்தவர்களை அதிகம் பார்க்கவில்லை.

ஜூலை 15, காலை 8:20

இன்று துடைக்கும் வேலையைப் பற்றி. டோஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள்.

ஒரு வாரத்தில் மூன்று பேருக்கு நெஞ்சுப் படத்தில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் கடுகு அளவு வெள்ளைப் புள்ளி. முதல் இரண்டு பேருக்கு "பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம்" என்று டாக்டர் எழுதிவிட்டார். ஒருவரைச் சளிப் பரிசோதனைக்கும் அனுப்பியாகிவிட்டது. மூன்றாவது படத்தை லைட் பாக்ஸில் மாட்டும்போது எனக்குச் சுருக்கென்றது. புள்ளியின் ஓரம் அளவுக்கு மீறிக் கூர்மை. உடம்புக்குள் இருக்கும் எதுவும் அவ்வளவு கூர்மையாக வராது. முந்தைய இரண்டையும் தேடி எடுத்து அடுக்கிப் பிடித்தேன். மூன்று புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று. மூன்றின் மூலையிலும் '4' என்று சின்னதாக ஒரு எண்.

ஒவ்வொரு ஸ்க்ரீனின் மூலையிலும் கேசட் எண்ணை எழுதிவைப்போம், அது படத்தில் விழும். நாலாம் எண் கேசட்டைத் திறந்தால், ஸ்க்ரீன் மேல் டெவலப்பர் துளி ஒன்று தெறித்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. வெளிச்சத்தை அது மறைத்ததால் அங்கே ஃபிலிம் கறுக்கவில்லை. பஞ்சால் துடைத்து, கேசட்டைப் பாதி திறந்தபடி நிறுத்திக் காயவைத்தேன். மூன்று பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வைத்தேன்.

அவர்களில் இருவருக்கு மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டிவந்தது. இதுதான் நான் சொல்ல வந்தது. ஸ்க்ரீனைத் துடைக்காததற்கு இரண்டாவது எக்ஸ்போஷர் விலை.

கேசட்டின் பிடி தளர்ந்து ஸ்க்ரீனும் ஃபிலிமும் ஒட்டாமல் இருந்தாலும் இப்படித்தான். கேசட் மேல் கம்பி வலையை வைத்து ஒரு எக்ஸ்போஷர் கொடுத்து, ஃபிலிமை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், ஒட்டாத இடம் கறுத்த திட்டாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

ஜூலை 16, இரவு 9:15

இதுவரை எழுதியதெல்லாம் பழைய காலம், இப்போது எல்லாம் டிஜிட்டல்தானே என்று இருவர் சொல்லிவிட்டார்கள். ஸ்க்ரீன் எங்கும் போகவில்லை. உருவம்தான் மாறியிருக்கிறது.

சி.ஆர். என்பது படத்தை லேசரால் படிக்கும் டிஜிட்டல் முறை. அதன் கேசட்டில் இருப்பதும் ஒரு ஸ்க்ரீன்தான், பேரியம் ஃபுளோரோ புரோமைடு, யூரோப்பியம் சேர்த்தது. எக்ஸ்ரேயை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். சிவப்பு லேசர் பட்டதும் நீலமாக வெளிச்சம் விடும். படத்தை நேராகக் கம்ப்யூட்டருக்கே அனுப்பும் டி.ஆர். தட்டுகளில் பெரும்பாலும் சீசியம் அயோடைடு. அதன் படிகங்கள் ஈர்க்குச்சிக் கட்டை நிமிர்த்தி வைத்தது போல ஊசி ஊசியாக வளர்ந்திருக்கும். வெளிச்சம் பக்கத்தில் பரவாமல் அந்தந்த ஈர்க்கு வழியாகவே கீழே இறங்கும். அதனால் பூச்சு தடிமனாக இருந்தாலும் மங்கல் குறைவு. தடிமனா கூர்மையா என்ற நூறு வருடச் சண்டையில் எனக்குத் தெரிந்து இதுதான் மிக அழகான தீர்வு.

ஆனால் ஒன்று போய்விட்டது. ஃபிலிமில் டோஸ் அதிகமானால் படம் கரி மாதிரி வரும். டாக்டர் திட்டுவார். அந்தத் திட்டுதான் நோயாளிக்குக் காவல். டிஜிட்டலில் இரண்டு மடங்கு போட்டாலும், நாலு மடங்கு போட்டாலும், கம்ப்யூட்டர் சரிசெய்து அழகான படத்தைக் காட்டிவிடும். டோஸ் குறைந்தால் மட்டும் மணல் தெரியும், படம் திரும்பி வரும். கூடினால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், பாராட்டுவார்கள். எந்தப் பக்கம் கை நகரும்?

2010-இல் நான் வேலை செய்த இடத்துக்கு சி.ஆர். வந்தபோது, முதல் மாதம் நெஞ்சுப் படங்களின் எஸ் எண்ணை ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். 200, 230, 210 என்று இருந்தது. அந்த நிறுவனத்து மிஷினில் இந்த எண் தலைகீழ்: எண் பாதியானால் டோஸ் இரண்டு மடங்கு. ஒரு வருடம் கழித்து வேறு எதற்கோ அந்த நோட்டைத் திறந்தேன். அன்றைய படங்களைப் பார்த்தால் 95, 110, 90. எக்ஸ்போஷர் சார்ட்டை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் "எதற்கு வம்பு" என்று ஒரு படி ஏற்றியிருந்தோம். நானும்தான். எங்கள் எல்லார் கையும் சேர்ந்து ஊருக்கே டோஸை இரட்டிப்பாக்கியிருந்தது.

மறுநாளிலிருந்து பாதியாக்கினேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தவை இரண்டே படம், இரண்டும் கனத்த உடம்புக்காரர்கள். வேறு யாரும் வித்தியாசத்தைக் கவனிக்கவே இல்லை.

ஜூலை 16, இரவு 11:50

மேலே சொன்னதில் ஒரு திருத்தம் அவசியம். எண் தலைகீழ் என்பது அந்த ஒரு நிறுவனத்துக்கு. வேறு நிறுவனத்தில் எண் ஏறினால் டோஸ் ஏறும், 300 கூடினால் இரண்டு மடங்கு. இந்தக் குழப்பத்தால்தான் 2008-இல் பன்னாட்டுத் தரம் ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் விலகல் எண் என்று ஒன்று வரும். பூஜ்யம் என்றால் குறி தப்பவில்லை, +3 என்றால் இரண்டு மடங்கு, −3 என்றால் பாதி. புது மிஷின்களில் திரையிலேயே தெரியும். டெக்னீசியன் தம்பிகளே, படத்தைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் · ஜூலை 20, மாலை 6:30

அண்ணே, இரண்டு சிடியும் பார்த்தேன். ஜனவரிப் படத்தில் எஸ் 420, ஜூன் படத்தில் 110. இரண்டும் ஒரே நிறுவனத்து மிஷின். ஜனவரியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து நிற்கச் சொன்னார்கள், முதுகு மிஷினைப் பார்த்து. ஜூனில் மிஷினைப் பார்த்து நிற்க வைத்தார்கள். டாக்டர் அளந்த வளைவின் கோணம் ஜனவரியில் 22 டிகிரி, ஜூனில் 23.

ஜூலை 20, இரவு 8:10

தம்பி, அப்படியானால் தெளிவான படத்துக்குக் கிட்டத்தட்ட நாலு மடங்கு எக்ஸ்ரே. மணல் பாதியானதற்குக் கணக்கும் சரியாக வருகிறது.

அதைவிட எனக்கு உறுத்துவது நிற்க வைத்த விதம். முகம் மிஷினைப் பார்த்து நின்றால் கதிர் முதலில் மார்பில் படும். முதுகு காட்டி நின்றால் உடம்பைத் தாண்டி வந்த மிச்சம்தான் மார்புக்கு, அங்கே டோஸ் பல மடங்கு குறையும். வளரும் பெண் குழந்தையின் மார்புத் திசு கதிருக்கு மிகவும் இளகியது. அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை முதுகு வளைவு கண்டறியப்பட்ட 5,573 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000-இல் வந்தது. சராசரியாக ஆளுக்கு 25 எக்ஸ்ரே. மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 70 சதவீதம் அதிகம். பயப்பட வேண்டாம். அது பழைய மந்தமான ஃபிலிம், மார்பு பக்கமிருந்து எடுத்த காலம். அவர்களுக்கு மார்பில் சேர்ந்த டோஸ் சராசரி 108 மில்லிகிரே. உங்கள் மகளுக்கு இரண்டு படத்தில் சேர்ந்தது அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் இன்னும் நாலைந்து வருடம் எடுக்க வேண்டியிருக்கிறது அல்லவா, அதற்காகத்தான் சொல்கிறேன்.

22-உம் 23-உம் ஒன்றுதான். அந்தக் கோணத்தை ஒரே படத்தில் இரண்டு பேர் அளந்தாலே 3 முதல் 5 டிகிரி வித்தியாசம் வரும். மணல் படத்திலும் டாக்டரால் அளக்க முடிந்திருக்கிறது.

ஜூலை 21, காலை 5:50

நேற்று நாலு மடங்கு என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பின்வாங்குகிறேன். எஸ் எண் என்பது டோஸ் மீட்டர் கிடையாது. எந்த மெனுவில் எடுத்தார்கள், எவ்வளவு இடத்துக்குக் கதிரைக் குறுக்கினார்கள், முழு முதுகை எத்தனை துண்டாக எடுத்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து எண் ஆடும். கணிசமாக அதிகமாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. சாஃப்ட்வேர் மணலைத் துடைத்து வழவழப்பாக்கவும் முடியும். தெளிவான படமெல்லாம் அதிக டோஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாள் இரவே உங்கள் மனைவி சொல்வது "முழுக்கச் சரி" என்று நான் எழுதாததற்கு இதுதான் காரணம். அதேபோல, 'குறைந்த டோஸ்' என்று சொல்லி எலும்பே தெரியாத படத்தை எடுத்து மறுபடி எடுத்தால், 60 சதவீதமும் 100 சதவீதமும் சேர்ந்து 160 ஆகிவிடும். மணல் இருக்கலாம், எலும்பின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தெரிய வேண்டும். அதுதான் எல்லை.

முதல் படம் வேறு. பிறவியிலேயே எலும்பு பாதியாக உருவாகியிருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும், அங்கே நல்ல தெளிவு கேட்பதில் தவறில்லை. கோணம் மட்டும் அளக்கும் தொடர் படங்களுக்கு அந்தத் தெளிவு வேண்டாம்.

ஈய ஏப்ரன் வைக்கச் சொல்லலாமா என்று கேட்ட அக்காவுக்கு: 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அடிவயிற்றை மறைக்கும் வழக்கத்தை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டது. உள்ளுக்குள் சிதறும் கதிரை அது தடுக்காது. இடம் தவறி வைத்தால் வேண்டியதை மறைத்து மறுபடி எடுக்க வைக்கும். கதிரைத் தேவையான இடத்துக்கு மட்டும் குறுக்கச் சொல்லுங்கள்.

ஜூலை 29, இரவு 9:40

தம்பி நேற்று ஃபோனில் பேசினார். டாக்டரிடம் கேட்டிருக்கிறார், அவரும் ஒத்துக்கொண்டு சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்: கோணம் அளக்க மட்டும் தொடர் படம், முதுகு மிஷினைப் பார்த்து, தேவையான இடத்துக்கு மட்டும் கதிர். டிசம்பரில் சொந்த ஊரிலேயே எடுக்கப் போகிறார்கள். படம் வந்ததும் எஸ் எண்ணை இங்கே எழுதுவதாகச் சொன்னார். 300-க்கும் 500-க்கும் நடுவில் இருந்து, டாக்டருக்கும் அளக்க வந்தால், அந்த மையத்துப் பையனிடம் நானே ஃபோனில் பேசி நன்றாக எடுத்திருக்கிறாய் என்று சொல்வேன்.